கொள்ளுப்பாட்டியோட பொறந்த வீட்டைத் தேடணும்னா எந்த வழியில ஆரம்பிக்கலாம்?

சென்னையில இருக்கற நிறைய பேருக்கு இந்த மாதிரி ஒரு மெசேஜ் எப்பவாவது வந்திருக்கும். டர்பன்ல இருந்தோ ஈப்போல இருந்தோ ரீயூனியன்ல இருந்தோ ஒரு தூரத்து சொந்தம், "எங்க கொள்ளுப்பாட்டி மெட்ராஸ்ல கப்பல் ஏறினாங்களாம், அவங்க பொறந்த வீடு எது, அப்பா பேரு என்ன, கொஞ்சம் விசாரிச்சு சொல்லுங்க"ன்னு கேப்பாங்க. தாத்தா பக்கம் எப்படியோ மூணு நாலு தலைமுறை பேர் கிடைச்சிடும், பாட்டி பக்கம் போனா "முனியம்மா"ன்னு ஒரே ஒரு பேரோட நின்னுடும். பெத்து வளத்து ஒரு வம்சத்தையே உண்டாக்கினவங்க எந்த வீட்டுப் பொண்ணுன்னு யாருக்கும் தெரியலங்கறது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், அதனாலதான் இந்த வேலைய ஆரம்பிக்கப் போறவங்களுக்கு எந்த வழி எங்க உதவும், எதுல காசும் நேரமும் வீணாகும்னு எனக்கு பட்டத எழுதறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவாயிடணும். வெள்ளைக்காரங்க குடும்ப வரலாறு சொல்லிக் குடுக்கற வெப்சைட்டெல்லாம் பொறந்த வீட்டு சர்நேம தேடச் சொல்லும், நம்ம பாட்டிகளுக்கு அப்படி ஒண்ணு கிடையாது, கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா இனிஷியல், அப்புறம் புருஷன் இனிஷியல், அவ்வளவுதான். சவுத் ஆப்பிரிக்கா குடும்பங்கள்ல மூட்லி, கோவெண்டர், நாயுடு, பிள்ளை, படையாச்சின்னு சர்நேம் இருக்குமே, அது முதலியார், கவுண்டர் மாதிரி பட்டப்பேர், அதே பேர்ல ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பம் இருக்கும். அதனால பாட்டி கல்யாணத்துக்கு முன்னாடி மூட்லின்னு தெரிஞ்சா கூட ஒரு அடி முன்னாடி போன மாதிரி ஆகாது. நமக்கு வேண்டியது ரெண்டு, அவங்க அப்பா பேரு, அவங்க பொறந்த ஊரு. எந்த வழிய பாத்தாலும் இந்த ரெண்ட அது குடுக்குமான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

இப்ப வழிகளுக்கு வரேன். கொள்ளுப்பாட்டி ஒப்பந்தக் கூலியா போனவங்கன்னா, அதாவது சவுத் ஆப்பிரிக்காவோட நேட்டால், மொரீஷியஸ், ஃபிஜி மாதிரி இடத்துக்கு, நான் யோசிக்காம சொல்வேன், கப்பல் பதிவுதான் முதல். நேட்டாலுக்கு போன முதல் கப்பல் ட்ரூரோ, 1860 அக்டோபர்ல நம்ம மெட்ராஸ்ல கிளம்பி நவம்பர் 16 அன்னிக்கு டர்பன் போய் சேந்துச்சு, 342 பேர் இருந்தாங்க. அதுலேருந்து 1911 வரைக்கும் போன 1,52,184 பேருக்கும் ஒவ்வொரு நம்பர் குடுத்து எழுதி வச்சிருக்காங்க, அதுல பேர், அப்பா பேர், வயசு, ஜாதி, உயரம், ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்புல இருக்கற தழும்பு மச்சம் எல்லாம் உண்டு. கவனிங்க, ஆம்பளைக்கு மட்டுமில்ல, பொம்பளைக்கும் அப்பா பேர்னு ஒரு கட்டம் இருக்கு. நமக்கு வேண்டிய ரெண்டுமே ஒரே வரியில. டர்பன்ல குவாஸுலு நேட்டால் யுனிவர்சிட்டியோட காந்தி லுதுலி ஆவண மையம் இந்த லிஸ்ட்ட கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கு. ஃபிஜிக்கு 1879ல ஆரம்பிச்சு 1916 வரைக்கும் ஆள் போனாலும் மெட்ராஸ்ல இருந்து ஆள் எடுத்தது 1903லேருந்துதான், அங்க எமிகிரேஷன் பாஸ்னு ஆளுக்கு ஒரு தாள், அதுலயும் அப்பா பேர், கிராமம், யார கல்யாணம் பண்ணிருக்காங்கங்கற விவரம் வரை இருக்கும். மொரீஷியஸ்ல மோக்காவுல இருக்கற மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல பழைய இமிகிரேஷன் பதிவேடெல்லாம் இருக்கு, 1860களுக்கு அப்புறம் போனவங்களுக்கு போட்டோ கூட இருக்கலாம். கொள்ளுப்பாட்டியோட முகத்த பாக்க முடியற ஒரே இடம் அதுவாத்தான் இருக்கும்.

இந்த வழியில சிக்கலும் இருக்கு. எழுதின கிளார்க்குக்கு காதுல விழுந்தது எதுவோ அதுதான் ஸ்பெல்லிங், சின்னம்மா சில இடத்துல ச-வுல ஆரம்பிக்கும் சில இடத்துல ஸ-வுல, அழகம்மாவோட ழ எப்படி வந்திருக்கும்னு சொல்லவே முடியாது, அதனால பேர வச்சு மட்டும் தேடாம புருஷனோட நம்பர கண்டுபிடிச்சு அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்கற நம்பர பாருங்க, குடும்பமா போனவங்க பெரும்பாலும் அடுத்தடுத்த நம்பர்லதான் இருப்பாங்க. நம்பர் தள்ளி தள்ளி இருந்தா அவங்க தனித்தனியா போய், கப்பலுக்கு முன்னாடி ஆள தங்க வச்ச டிப்போவுலயோ கப்பல்லயோ தோட்டத்துலயோ ஜோடி சேந்தவங்களா இருக்கலாம், நூறு ஆம்பளைக்கு நாப்பது பொம்பளைங்கற கணக்கு வச்சுதான் ஆள் எடுத்தாங்க, தனியா கிளம்பின பொண்ணுங்க நிறைய பேர். அதுல விதவைங்க, வீட்ட விட்டு வந்தவங்க, பேர மாத்திச் சொன்னவங்களும் இருந்தாங்க. அப்படி இருந்தா குடும்பத்துல யாரும் அத தலைகுனிவா நினைக்க வேண்டாம், எந்த நிலைமையில அந்தக் கப்பல்ல ஏறியிருப்பாங்கன்னு நினைச்சா மரியாதைதான் கூடும்.

ஜில்லா பேரையும் அப்படியே இன்னிக்கு மேப்ல தேடாதீங்க. நார்த் ஆற்காடுன்னு இருந்தா இப்ப அது வேலூரா, ராணிப்பேட்டையா, திருவண்ணாமலையா, திருப்பத்தூரா இருக்கலாம், அதோட 1911ல சித்தூர் ஜில்லா பிரிஞ்சதால அந்தக் கிராமம் இப்ப ஆந்திராவுல கூட இருக்கலாம். செங்கல்பட்டு ஜில்லான்னா இன்னிக்கு சென்னைக்குள்ளேயே வந்துட்ட ஊரா இருக்க வாய்ப்பு உண்டு.

மலாயா போனவங்க கதை வேற. அங்க ஒப்பந்தம் 1910லயே நிறுத்தியாச்சு, தோட்டத்துக்கு ஆள் சேத்து கூட்டிட்டு போற கங்காணி மூலமா போனவங்களும் சொந்தக் காசுல ரஜூலா மாதிரி கப்பல்ல டிக்கெட் எடுத்து போனவங்களும்தான் ஜாஸ்தி, அதனால நேட்டால் மாதிரி தலைக்கு ஒரு வரி விவரத்த எதிர்பாக்காதீங்க. ஆனா மலேசியாவுல ஒரு நல்ல விஷயம் இருக்கு, நம்ம பொண்ணுங்க பேர் அங்க "இன்னார் மகள்"ங்கற அர்த்தத்துல ஏ/பி போட்டு அப்பா பேரோடதான் பதிவாகும், கல்யாணம் ஆனாலும் மாறாது. சிங்கப்பூர்லயும் டி/ஓ போட்டு அதே மாதிரிதான். ஆக பாட்டியோட ஐசி (அடையாள அட்டை), அவங்க பிள்ளைங்களோட பர்த் சர்டிபிகேட், இறப்பு சர்டிபிகேட் இதுல ஏதாவது ஒண்ணு கிடைச்சாலே அப்பா பேர் கைல வந்துடும், ஊர் மட்டும்தான் பாக்கி. சவுத் ஆப்பிரிக்காவுலயும் கப்பல் லிஸ்ட்ல சிக்கலன்னா செத்தவங்க சொத்துக்காக அரசாங்கம் வச்ச எஸ்டேட் ஃபைல்ல இருக்கற டெத் நோட்டீஸ பாருங்க, செத்தவங்களோட அப்பா அம்மா பேர் கேக்கற கட்டம் அதுல உண்டு. ஆனா அத நிரப்பினது மகனோ பேரனோ, அவங்களுக்கு தெரிஞ்சததான் எழுதியிருப்பாங்க, அதனால கப்பல் லிஸ்ட்டுக்கும் இதுக்கும் முரண்பட்டா நான் கப்பல் லிஸ்ட்டதான் நம்புவேன்.

ரீயூனியன், குவாடலூப், மார்ட்டினிக் மாதிரி பிரெஞ்சு தீவுக் குடும்பமா இருந்தா தேடறது பிரெஞ்சு பதிவுல. அவங்க வழக்கப்படி பொண்ணு சாகற வரைக்கும் பதிவேட்டுல பொறந்த பேர்லதான் இருப்பா, புருஷன் பேர் கூட ஒரு விவரமா மட்டும் வரும். பாண்டிச்சேரி, காரைக்கால் பழைய பதிவேடுங்க பிரான்ஸ்ல எக்ஸ் ஆன் ப்ரோவான்ஸ்ல இருக்கற கடல்கடந்த ஆவணக் காப்பகத்தோட சைட்ல ஸ்கேன் பண்ணி இலவசமா கிடைக்குது, பிரெஞ்சு கையெழுத்து படிக்க ஒரு ஆள் மட்டும் வேணும். பாண்டிச்சேரி பக்கத்து குடும்பமா இருந்தா 1881 செப்டம்பர் ஆணைக்கு அப்புறம் நம்ம சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்த ஏத்துக்கிட்டவங்க புதுசா ஒரு குடும்பப் பேர் வச்சுக்கிட்டாங்கங்கறதையும் மனசுல வச்சுக்கணும், அந்த வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பேர தேடி பிரயோஜனமே இல்ல.

அடுத்து வீட்டு வழி. பர்மா, சிலோன், மலாயான்னு போய் வந்து போய் வந்து இருந்த குடும்பங்களுக்கு, பேப்பர் எத விடவும் இதுதான் பெருசுன்னு நினைக்கறேன். 1964க்கு அப்புறம் பர்மாவுல இருந்து வந்து வியாசர்பாடி பக்கம் குடியேறின குடும்பங்கள்ல இன்னும் விவரம் தெரிஞ்ச பெரியவங்க இருக்காங்க. அதே 1964 அக்டோபர்ல போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி சிலோன்ல இருந்து 5,25,000 பேர இந்தியா ஏத்துக்கறதா ஆச்சு, அப்படி வந்தவங்க வீட்டுல குடும்ப அட்டைன்னு ஒண்ணு பத்திரமா வச்சிருப்பாங்க, அதையும் கேளுங்க. ஆனா பெரியவங்க கிட்ட "பாட்டியோட அப்பா பேர் என்ன"ன்னு நேரா கேட்டா பாதி பேருக்கு தெரியாது. பேர் மறந்து போகும், சீர் செஞ்சது மறக்காது. அதனால கேள்விய மாத்தி கேக்கணும். பாட்டி செத்தப்போ பொறந்த வீட்டு கோடி எந்த ஊர்லேருந்து வந்துச்சு? பெரியப்பாவுக்கு காது குத்தினப்போ எந்த மாமன் மடியில உக்கார வச்சாங்க? பொங்கல் சீர் யார் கொண்டு வருவாங்க? தலைப் பிரசவத்துக்கு பாட்டி எந்த ஊருக்கு போனாங்க? இந்தக் கடைசி கேள்வி தங்கம், ஏன்னா தலைப் பிரசவம் தாய் வீட்டுலதான், மூத்த பிள்ளை பொறந்த ஊரு எதுவோ அதுவே பெரும்பாலும் அம்மாவோட பொறந்த ஊரு. மத்த பிள்ளைங்க எல்லாம் ஒரு ஊர்ல பொறந்திருந்து மூத்தது மட்டும் வேற ஊர்ல பொறந்திருந்தா அந்த ஊருக்கு கிளம்பிடலாம்.

மொய் நோட்டு இருந்தா அத விடாதீங்க. தாய்மாமன் மொய் ஊர் பேரோட மொதல்ல எழுதியிருப்பாங்க. நம்மள்ள மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டறது சகஜமா இருந்ததால இன்னொரு விஷயமும் யோசிக்கணும், கொள்ளுத்தாத்தாவோட அம்மா எந்த ஊர்னு தெரிஞ்சிருந்து கொள்ளுப்பாட்டி ஊர் தெரியலன்னா, ரெண்டும் ஒரே ஊரான்னு விசாரிச்சு பாருங்க, பல வீட்டுல மாமியாரே அத்தையாத்தான் இருந்திருப்பாங்க. அமாவாசை தர்ப்பணம் பண்ற குடும்பமா இருந்தா அதுல அம்மாவோட அப்பா, அவங்க அப்பா, அவங்க தாத்தான்னு மூணு தலைமுறை பேர் கோத்திரத்தோட சொல்வாங்க. தாத்தா தர்ப்பணத்துக்கு எழுதி வச்ச நோட்டு பழைய டிரங்குப் பெட்டியில கிடைச்சா கொள்ளுப்பாட்டியோட பொறந்த வீட்டு வம்சமே அதுல இருக்கும். காசு செலவே இல்லாத வழி இது, ஆனா காத்திருக்க முடியாத வழி, அதனால மத்தத எல்லாம் எந்த வரிசையில பண்ணாலும் தொண்ணூறு வயசு அத்தைக்கு போன் பண்றத மட்டும் இந்த வாரமே பண்ணிடுங்க, ரெக்கார்டர ஆன் பண்ணி வச்சுக்கிட்டு, அவங்க சம்மதத்தோட.

பத்திரத்த நிறைய பேர் மறந்துடறாங்க. பொம்பளைங்க பேர் பத்திரத்துல எங்க வரும்னு கேக்கலாம், விடுதலைப் பத்திரத்துல வரும். அப்பா சொத்துல பாகம் வேண்டாம்னு கல்யாணமான அக்கா தங்கச்சிங்க கையெழுத்தோ கைநாட்டோ போட்டுக் குடுக்கறது, அதுல "இன்னார் மகளும் இன்னார் மனைவியுமான"னு ரெண்டு வீட்டையும் சேத்து எழுதியிருப்பாங்க, நமக்கு அந்த இணைப்புதானே வேணும். 1989ல தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்ததுக்கு அப்புறம் இந்த மாதிரி பத்திரம் ஜாஸ்தியாச்சு. வாரிசு சர்டிபிகேட்டுலயும் கட்டிக் குடுத்த பொண்ணுங்க பேர் வரும். சமீப வருஷத்துக்கு ஈசி (வில்லங்கச் சான்று) ஆன்லைன்லயே பாக்கலாம், பழசுக்கு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல மேனுவல் ஈசி போடணும், சர்வே நம்பர் இல்லாம போனா ஒண்ணும் நடக்காது. ஆனா இது நிலம் இருந்த வீட்டுக்கு மட்டும்தான். கப்பல் ஏறினவங்கள்ள பாதிக்கு மேல ஒரு சென்ட் நிலம் இல்லாதவங்களாத்தான் இருந்திருப்பாங்கன்னு நினைக்கறேன், அவங்களுக்கு ஊர்ல ஒரு பத்திரமும் பட்டாவும் கிடையாது, கூலிக்கு ஆள் எண்ணறதுக்காக எவனோ எழுதின அந்த ஒரு வரிதான் அவங்க அப்பா பேரோட இருக்கற ஒரே காகிதம். அத பாக்கறப்ப கோவமும் வரும், அது இருக்கேன்னு நிம்மதியும் வரும்.

கிறிஸ்தவக் குடும்பமா இருந்தா உங்க வேலை பாதி குறைஞ்ச மாதிரி. கத்தோலிக்க கோயில்ல கல்யாணப் பதிவேட்டுல ரெண்டு பக்க அப்பா அம்மா பேரும் இருக்கும், ஞானஸ்நானப் பதிவுல தலைதொட்டப்பன், தலைதொட்டம்மா, அதாவது ஞானத்தகப்பன், ஞானத்தாய் பேரையும் எழுதிக்கோங்க, அது பல தடவை மாமனோ சித்தியோவாத்தான் இருக்கும். பங்கு சாமியார் கிட்ட முன்கூட்டியே கடிதம் குடுத்துட்டு போங்க. முஸ்லிம் குடும்பத்துக்கு ஜமாஅத் நிக்காஹ் தஃப்தர்ல, அதாவது கல்யாணப் பதிவேட்டுல, பொண்ணு பேர் அவங்க அத்தா பேரோடதான் இருக்கும். சர்ச் பதிவுல மட்டும் ஒரு எச்சரிக்கை, கல்யாணப் பதிவுல இருக்கற பேர் பொறந்த வீட்டுப் பேர்தான்னு கண்ண மூடிட்டு நம்பாதீங்க. நம்ம ஜார்ஜ் கோட்டை செயின்ட் மேரீஸ் சர்ச்லயே உதாரணம் இருக்கு, 1680 நவம்பர்ல, பின்னால மெட்ராஸ் கவர்னர் ஆன எலிஹு யேலுக்கு அங்க கல்யாணம், பொண்ணு பேர் கேதரின் ஹின்மர்ஸ். அது செத்துப்போன முதல் புருஷன் ஜோசப் ஹின்மர்ஸோட பேரு, பொறந்த வீட்டுப்படி அவங்க எல்ஃபோர்ட். ஆங்கிலோ இந்தியக் குடும்ப வேர தேடறவங்க இதுல அடிக்கடி மாட்டுவாங்க. அவங்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கற மெட்ராஸ் சர்ச் பதிவுங்க ஃபைண்ட்மைபாஸ்ட்ங்கற வெப்சைட்ல இருக்கு, அதுக்கு காசு கட்டலாம், மத்தவங்க கட்ட வேண்டாம்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்த பத்தி எல்லாரும் கேப்பாங்க. 1909ல கட்டின கட்டடம், 1670லேருந்து ரெக்கார்ட் இருக்கு, உள்ள போனாலே நெஞ்சு நிறையும், அது வேற. ஆனா அங்க இருக்கறது அரசாங்கம் அரசாங்கத்துக்கு எழுதின ஃபைலும் ஜிஓவும், முனியம்மாங்கற பேர போட்டு தேடற மாதிரி கிடையாது, அனுமதி வாங்கவும் நாள் ஆகும். எந்த ஜில்லாவுல எந்த வருஷம் பஞ்சம், அந்த வருஷம் ஏன் இத்தன பேர் போனாங்க, இந்த மாதிரி பின்னணி தெரிஞ்சுக்க அருமையான இடம். வெளிநாட்டுலேருந்து குறைஞ்ச நாள் லீவ்ல வர்ற சொந்தக்காரங்கள நேரா எழும்பூர் கூட்டிட்டு போகாதீங்க, அந்த நாள ஊருக்கு போறதுக்கு வையுங்க.

கடைசியா டிஎன்ஏ டெஸ்ட், விளம்பரம் பாத்துட்டு முதல்ல இததான் பண்ணிடறாங்க, என் கணக்குல இது கடைசி. டிஎன்ஏ பேர் சொல்லாது. அம்மா வழியா வர்ற மைட்டோகாண்ட்ரியா டெஸ்ட் பண்ணா ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்ச ஒரு பெரிய கூட்டத்துல நீங்க ஒருத்தர்னு மட்டும் தெரியும். சாதாரண டெஸ்ட்ல கொள்ளுப்பாட்டியோட அண்ணன் தங்கச்சி வழி கொள்ளுப்பேரன் உங்களுக்கு மூணாவது கசின், அந்த உறவு பத்துல ஒம்போது தடவை டிஎன்ஏவுல தெரியும்தான், ஆனா அந்த ஆள் டெஸ்ட் எடுத்திருக்கணுமே. திண்டிவனம் பக்கத்து கிராமத்துல எத்தன பேர் எடுத்திருப்பாங்க? இன்னொண்ணு, சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையா கட்டினதால நம்ம மேட்ச்சுங்க எல்லாம் நிஜத்த விட நெருங்கின உறவா காட்டும், ரெண்டாவது கசின்னு சைட் சொல்றவங்க உண்மையில நாலாவதா ரெண்டு மூணு வழியில சொந்தமா இருப்பாங்க. அதனால ஊரும் அப்பா பேரும் கிடைச்சு, அந்த ஊர்ல ஒரு குடும்பம்தான் இவங்களோன்னு சந்தேகம் வந்து, அந்த வீட்டுக்காரங்களும் மனசார சம்மதிச்சா, அப்ப ரெண்டு பக்கமும் எடுத்து பாக்கறது நியாயம்.

ஆள் வச்சு தேடறதும் அப்படித்தான். மொத்தமா ஒரு தொகை பேசி எல்லாத்தையும் ஒருத்தர் கிட்ட விடாதீங்க, கைல ஊர் பேர் இல்லாத நிலைமையில யார வச்சாலும் அவங்களும் ஊகம்தான் சொல்ல முடியும். இந்தப் பதிவேட்டுல இந்த வருஷங்கள பாத்து பக்கத்தோட போட்டோ குடுங்கன்னு சின்ன சின்ன வேலையா குடுங்க, கிடைக்கலன்னாலும் எத பாத்தாங்கங்கறத எழுதி வாங்குங்க.

ஊர் தெரிஞ்சப்புறம் போறப்ப, கப்பல் லிஸ்ட் வரிய பெருசா பிரிண்ட் போட்டு கீழ தமிழ்ல எழுதி எடுத்துட்டு போங்க. ஜாதி கட்டத்த மறைச்சிடலாம், அத மொதல்ல காட்டினா பேச்சு வேற பக்கம் போயிடும். விஏஓ ஆபீஸ்ல கிராமத்து நிலம் யார் பேர்ல இருக்குன்னு எழுதற பழைய ஏ ரிஜிஸ்டர் பத்தி கேளுங்க, குலதெய்வக் கோயில் பூசாரிய பாருங்க, ஊர் பெரியம்மாக்கள் கிட்ட "இந்த ஊர்லேருந்து கடல் தாண்டி போன பொண்ணு யாராவது உண்டா"ன்னு கேளுங்க. சொத்து கேட்டு வந்திருக்காங்களோன்னு பயப்படுவாங்க, அது இயல்பு, அதனால வந்த உடனே "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம் பெரியம்மா, பாட்டியோட அப்பா பேரு மட்டும் தெரியணும்"னு சொல்லிடுங்க, போன் நம்பர குடுத்துட்டு ஒரு நாள் விட்டு மறுபடி போங்க, ரெண்டாவது தடவை போறப்பதான் ஆளுங்க வாய திறப்பாங்க.